லீவுல வடிவு படிச்சது

…ஆமா, எங்கள மட்டும் கேளுங்க! ஸ்கூல் தொறந்து ரெண்டு கெழமையாச்சு, வடிவு ஏன் வரலன்னு ஞாயித்துக்கெழம எங்க லயத்து வீட்டுக்கே வந்து கேக்குறீங்களே வாத்தியாரய்யா, ஆகஸ்டு மாசம் பூரா ஸ்கூலப் பூட்டிப்போட்டு யாழ்ப்பாணம் போனது யாரு? நானா போனேன்? உக்காருங்க. அந்தப் பலக ஆடும், செவுத்துப் பக்கமா உக்காருங்க. சீனி தீந்துபோச்சு, வெல்லச் சக்கரத் துண்டக் கடிச்சிக்கிட்டு தேத்தண்ணி குடிங்க.

எல்லாம் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையால வந்தது. லீவுக்கு மட்டும் தேயிலக் கொழுந்தெடுக்கட்டும்னு புள்ள பேரக் குடுத்தா, லீவு முடிஞ்சதும் பேர வெட்டணுமா இல்லையா? பதிஞ்சா பதிஞ்சதுதானாம்! விடியக்காலம் பெரட்டுல வேலக்கிப் பேரு கூப்புடுறப்ப "சண்முகவடிவு!"ங்கிறாரு, இது "வந்தேன் ஐயா!"ங்குது. ஸ்கூல்ல நீங்க பழக்குன பழக்கந்தானே?

எங்க வீட்டுக்காரர் கேக்கலாம்ல? அந்த மனுசன் வாயத் தொறந்து நீங்க பாத்திருக்கீங்களா? வருவாரு, திம்பாரு, படுப்பாரு. நான் பேசுனா செவுத்தப் பாப்பாரு. கல்யாணமான நாள்லேருந்து இதே கததான்… அத விடுங்க.

சொன்னது யாரு? நீங்க! லீவுக்கு மொத நாளு பெத்தவங்கள எல்லாம் கூப்புட்டு, "புள்ளைகளச் சும்மா விடாதீங்க, லீவுலயும் ஏதாச்சும் படிச்சிக்கிட்டே இருக்கணும்"னு சொன்னீங்களா இல்லையா? வடிவு இந்த வருசம் அட்டன் பெரிய ஸ்கூலுக்கு சோதன எழுதணும், இந்தத் தோட்டத்துலேருந்து மொத புள்ள அதுதான்னு சொன்னீங்களா இல்லையா? தலையாட்டிட்டு வந்தேன். சிலேட்டக் குடுத்து உக்கார வச்சேன். "அம்மா, இது சரியா?"ன்னு கேக்குது. நான் என்னத்தக் கண்டேன்? தலகீழாப் புடிச்சிருந்தாலும் சரின்னுதான் சொல்லுவேன்!

எனக்குத் தெரிஞ்சதத்தானே நான் சொல்லிக்குடுக்க முடியும்? கூடையக் கட்டி மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். இந்தா இப்புடிக் கிள்ளு, முத்தல விடு, ரெண்டு கையும் ஓடட்டும்னேன். ஒரே கெழமையில புடிச்சிக்கிச்சுங்க. அடேயப்பா, என்னா கை! கங்காணியே நின்னு பாத்தாரு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாப் படிக்கிற புள்ள.

அந்தக் கணக்கப்பிள்ளையோட கொழுப்பப் பாருங்க. "அம்மாக்கண்ணு, பேரு குடுத்த ஆளே வந்து வேணாம்னு சொன்னா இப்பவே வெட்டிர்றேன்"ங்கிறாரு.

…என்னது? பேரு குடுத்தது யாரா? அதுவா… நாந்தாங்க. எங்க வீட்டுக்காரரு வேணாம்னாரு. செவுத்தப் பாக்குற மனுசன் அன்னைக்கு என்னயப் பாத்து, "அது படிக்கட்டும் புள்ள"ன்னாரு. நாந்தான் கேக்கல.

இப்ப போயிச் சொல்ல வேண்டியதுதானேன்னா, சொல்லலாம். தெனமும் பெரட்டுக்குப் போறப்ப சொல்லத்தான் போறேன். வாய் வரமாட்டேங்குது. எனக்கா வாய் வராது? சிரிக்கிறீங்களா? சிரிங்க.

மலையில பக்கத்துத் தேயில நெரையில புள்ள நிக்கிதுங்க, வாத்தியாரய்யா. காலையிலேருந்து நான் பேசுறேன், அது "ம்"முங்குது. "அப்பறம்?"னு கேக்குது! என்னயப் பாத்து யாருங்க "அப்பறம்?"னு கேட்டிருக்கா? நான் நெர புடிச்சா பொம்பளைங்க எல்லாம் அடுத்த ஓரத்துக்குப் போயிருவாளுக. ஆசையா இருக்குங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?

மொதல்ல ராவானா கேக்கும், "நாளைக்குப் பேர வெட்டச் சொல்லுவியாம்மா?"ன்னு. நாளைக்கு, நாளைக்குன்னேன். இப்ப கேக்குறதில்ல.

அட, எந்திரிச்சிட்டீங்க? தேத்தண்ணி அப்புடியே இருக்கு… எங்க போறீங்க? பீலித் தண்ணி விழுற பக்கமா? வடிவு அங்கதான் துணி தொவைக்கிது. பாருங்க, பேசுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஸ்கூலுக்கு வாறியான்னு மட்டும் கேட்டுறாதீங்க, வாத்தியாரய்யா.

கேட்டா வந்துரும்.