ஞாயித்துக்கிழமை சவாரி

முள்ளுண்ணே, முள்ளு! ஒண்ணா ரெண்டா, டயரு பூரா முள்ளு! இங்க பாருங்க, சாக்ஸுல கூட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு... தெரியும், தெரியும், மத்தியானத் தூக்க நேரத்துல வந்து ஷட்டரத் தட்டுறவள இந்த மெந்தோசா ஊர்ல ஒருத்தரும் மன்னிக்க மாட்டாங்க. ஆனா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க? வாய்க்கால் ஓரமா சைக்கிளத் தள்ளிக்கிட்டே வர்றேன், ஒரு கடை திறந்திருக்கணுமே! மருந்துக்கடை மூடியாச்சு. ரொட்டிக்கடை மூடியாச்சு. ஒரு நாய் கண்ணைத் திறந்து என்னப் பாத்துச்சு, குரைக்கக்கூட மனசில்லாம மறுபடி மூடிக்கிச்சு. மலைக்குப் போற வண்டிங்களுக்காக நீங்க ஒருத்தராவது பாதி ஷட்டர்ல இருக்கீங்களே, புண்ணியமாப் போச்சு. உக்காருங்க, உக்காருங்க... ஐயோ, நீங்க உக்காந்தா யாரு பஞ்சர் ஒட்டுறது? சரி, நான் உக்காந்துக்கிறேன். அந்த மாத்தே டீயையும் குடுங்க, நான் தண்ணி ஊத்திக்கிறேன். ம்ம்... கசப்புதான். பரவால்ல.

எல்லாம் எங்க வீட்டுக்காரரால வந்த வினை. "திராட்சத் தோட்டத்துக்குப் பின்னால ஒரு மண்ரோடு போகுது, ரெண்டு பக்கமும் பாப்ளர் மரம், எல்லாம் தங்கமா நிக்குது, ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கு, ஒரு தடவ போய்த்தான் பாரேன்" ன்னு போன வாரம் பூரா சொன்னாரு. நானும் நம்பிப் போனேன். மரம் எங்க இருக்கு? பட்டுப் போன ஒரு வாதுமை மரம் நிக்குது, அதுல ஒரு பிளாஸ்டிக் பை தொங்குது. மத்தபடி ஆடு மேயுற பொட்டல், தரை பூரா முள்ளு! எந்த ரோட்டத்தான் பாத்தாரோ இந்த மனுஷன்!

இல்லண்ணே, கோவமெல்லாம் இல்ல. நேரம்தான். எனக்குன்னு இருக்குறது சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான். கைக்குழந்தைண்ணே, கோடையில பொறந்தா, பொண்ணு. ஃபெலீசா. பேருதான் சந்தோஷமான பேரு, ராத்திரியானா வீட்டையே ரெண்டாக்கிடுவா. அவளுக்குப் பாலக் குடுத்து, அவரு தோள்ல போட்டுட்டு, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு ஓடி வர்றேன். அடுத்த பால் நேரத்துக்குள்ள திரும்பணும். கடிகாரமே வேணாம், நெஞ்சு கனத்துச்சுன்னா நேரமாச்சுன்னு அர்த்தம். இப்ப லேசா ஆரம்பிச்சாச்சு. நீங்க மெதுவாவே பண்ணுங்க, நான் அவசரப்படுத்தல... அந்த ஓட்டையத் தண்ணியில பாத்துட்டீங்களா?

வருஷத்துல இந்த சில வாரந்தான் சைக்கிளுக்கு. கோடையில தார் உருகுது, குளிர்ல பிரேக் புடிக்க விரல் வர மாட்டேங்குது, நடுவுல அந்த சோண்டாக் காத்து வேற மலையிலேர்ந்து எறங்குச்சுன்னா ஊரே தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்குது. இப்பத்தான், அறுவடை முடிஞ்சு, வாய்க்கால் பூரா மஞ்ச இலை மிதக்கும்போது, எந்தப் பக்கம் போனாலும் புது ஒயின் புளிக்கிற வாசனை வரும்போது... ஐயோ, அப்படியே போய்க்கிட்டே இருக்கலாம்ணே! போன வருஷம் இந்நேரம் மசக்கை. ஜன்னல் ஓரமா எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு, போற வர்ற சைக்கிளையெல்லாம் பாத்து அழுதேன். நெசமாத்தான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், அடுத்த வருஷம் ஒரு வாரம் கூட விடுறதில்லன்னு.

அதுக்கு எங்க மாமியார் விட்டாத்தான! நொர்மா அம்மா. நல்லவங்கதான், குறை சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். "புள்ள பெத்தவளுக்கு சைக்கிள் கேக்குதா? குலுங்கிக் குலுங்கிப் பால் மோராயிடும்" ன்னாங்க! மோராகுமாம்! நான் விடல. "அத்தே, உங்க புள்ளயும் ஒரு நாள் போகட்டும், நானும் ஒரு நாள் போறேன், ரெண்டு பேரும் சமம்" ன்னேன். அவங்க யோசிச்சாங்க. "அவன் போறதா இருந்தா நீயும் போ. அவன் போகலன்னா நீயும் வீட்ல கிட" ன்னாங்க. மகன் மேல அவ்வளவு பாசம்! உடனே போய் அவருக்கும் ஒரு சைக்கிள் வாங்கிட்டு வந்துட்டேன். தவணையிலதான். நல்ல நீலக் கலரு.

அவரு மொதல்ல மூக்கால அழுதாரு. "எனக்கு எதுக்கும்மா, கொஞ்சம் படுத்துத் தூங்கினாப் போதும்" ன்னாரு. நான் விட்டேனா? தூக்கம் என்ன தூக்கம், கல்லறைக்குப் போனா தூங்கிக்கிட்டே இருக்கலாம், வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்னு தொரத்தி விட்டேன். எனக்கு இந்த மத்தியானத் தூக்கமே புடிக்காதுண்ணே, சின்ன வயசுலேர்ந்து. ஊரே போர்வைக்குள்ள போனதும் நான் சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவேன்.

இப்ப என்ன ஆச்சு தெரியுமா? அவருக்குப் புடிச்சுப் போச்சு! ஞாயித்துக்கிழம தவறுறதே இல்ல. அதுவும் ஞாயித்துக்கிழம வெயிலப் பாருங்க, சனிக்கிழமையவிட ஒரு படி மேலயே அடிக்குது, எனக்குன்னே செய்யுது. மாமியார் வீட்ல கறி சுட்டுச் சாப்பிட்டு, ஆளாளுக்கு ஒரு கட்டில்ல சாஞ்சுடுறாங்க. நான் மட்டும் இவளத் தூக்கிக்கிட்டு சமையக்கட்டுக்கும் வாசலுக்கும் நடக்குறேன். அவரு ஜம்முனு நீல சைக்கிள்ல ஏறிப் போறாரு! வயிறு எரியாதாண்ணே? திரும்பி வரும்போது பாக்கணும் அந்த மொகத்த. பூவாட்டம் மலர்ந்து வர்றாரு! ஒரு சொட்டு வேர்வ இல்ல. அவ்வளவு தெம்பு. கன்னத்துல கோடு கோடா இருக்கும், கேட்டா ஹெல்மெட் வாருன்னு சொல்வாரு. அப்புறம் உக்காந்து கத சொல்வாரு பாருங்க, ஆத்தோரமா கழுகு பறந்துச்சாம், பாலத்துக்குக் கீழ நரி நின்னு இவரப் பாத்துச்சாம்...

என்ன சிரிக்கிறீங்க? நரி வராதா அங்க? ... அட, சொல்லிட்டுச் சிரிங்களேன்.

பேரா? லிசாந்த்ரோ. ஒயின் ஆலையில வேல. ஏன்?

ஆமா, நீல சைக்கிள். மணி கூட இருக்கும், நான்தான் மாட்டி விட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்? ... பம்ப கீழ வச்சிட்டு என்னப் பாத்து சொல்லுங்கண்ணே. இங்க வருவாரா? பஞ்சருக்கா? ... பஞ்சருக்கு இல்லன்னா வேற எதுக்கு? ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், இதுல யாராவது பொம்பள... இல்லையே? சத்தியமா? சரி. அப்பாடா. அப்ப என்னதான்?

பின்னாலயா? எந்தப் பின்னால?

கடைக்குப் பின்னாலயா? இருங்க, நானே வந்து பாக்குறேன்.

லாரி சீட்டு. பழைய லாரி சீட்டு ஒண்ணு, ஒரு போர்வ. தலைக்கு வைக்கச் சுருட்டின சட்ட. இது அவரு சட்டைண்ணே! இத நான் வீடு பூராத் தேடினேன்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா? வந்ததும் மாத்தே கூட குடிக்காம அப்படியே சாஞ்சுடுவாரா? மொத வாரம் காத்தடிக்க வந்தவரு, நீங்க பம்ப எடுக்குறதுக்குள்ள உக்காந்த எடத்துலயே தூங்கிட்டாரா? ... அடப்பாவி மனுஷா! கழுகு பறந்துச்சாம்ல! நான் அங்க நடையா நடக்க, இவரு இங்க சுகமா குறட்ட!

குறட்ட விடுவாரா? ... டயரே அதிருமா!

வீட்ல விடுறதே இல்லண்ணே. புள்ள பொறந்ததுலேர்ந்து நான் கேட்டதே இல்ல. நான் என்ன நெனச்சேன், குறட்ட நின்னு போச்சு, நல்லதாப் போச்சுன்னு... எப்படி விடுவாரு? எங்க தூங்குறாரு? பால் நான் குடுக்குறேன், தோள் உங்களோடதுன்னு நான்தான் பிரிச்சு விட்டேன். விடிய விடியத் தோள்ல போட்டுத் தட்டிட்டு இருட்டோட ஆலைக்குப் போறாரு. சனிக்கிழம மத்தியானம் நான் இங்க ஊர் சுத்துறேன், புள்ள அவரு கையில. ஞாயித்துக்கிழமையாவது தூங்கலாம்னா, நான் சைக்கிள்ல ஏத்தித் தொரத்துறேன். இந்த ஊர்ல நாய்க்குக் கூட மத்தியானத் தூக்கம் உண்டுண்ணே. என் புருஷனுக்கு மட்டும் நான் அத இல்லாமப் பண்ணிட்டேன்.

வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? எனக்கு இந்த சைக்கிள் வேணாம், தூங்க விடுன்னு ஒரு வார்த்த...

சொன்னாரு. மொத நாளே சொன்னாரு. நான் எங்க கேட்டேன்.

அப்புறமும் சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு இந்த நாடகம், எதுக்கு...

ஓ.

மாமியார்! "அவன் போகலன்னா நீயும் வீட்ல கிட". அவரு ஏறலன்னா எனக்கு சனிக்கிழம இல்ல. அதான். அதுக்காகத்தான் வாராவாரம் கறிச்சோறு உண்ட மயக்கத்தோட அவ்வளவு தூரம் மிதிச்சுக்கிட்டு வந்து, உங்க லாரி சீட்டுல படுத்துட்டு... நான் பாருங்க, பொறாமப்பட்டு அவரோட ரெண்டு நாள் சரியாப் பேசக்கூட இல்ல. இந்த மனுஷன... எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதான்னே தெரியல. பால்தான் வருது. சட்டையெல்லாம் நனையுது, ஒட்டியாச்சா? காத்து அடிங்க, அடிங்க.

இப்ப போய் எல்லாத்தையும் போட்டு ஒடைக்கலாம். ஒடைச்சா அவங்க அம்மா என்னைய உக்கார வச்சுடுவாங்க, அவரு தூக்கமும் போகும், ஞாயித்துக்கிழம அங்க வர்ற சொந்தக்காரங்க ஆளுக்கொரு குழந்தையா கொண்டாந்து அவரு மடியில போடுவாங்க. வேணாம். அண்ணே, இங்க பாருங்க. நான் இங்க வரவே இல்ல. நீங்க என்னப் பாக்கவே இல்ல. முள்ளு எங்க குத்துச்சுன்னு கேட்டா நான் வேற ரோடு சொல்லிக்கிறேன். நாளைக்கு வருவாருல்ல? போர்வ ஒண்ணு பத்தாது, மத்தியானத்துக்கு மேல குளிரெடுக்குது, நல்லதா ஒண்ணு நான் காலையிலேயே வாசல்ல போட்டுட்டுப் போறேன், உங்களோடதுன்னு சொல்லிக் குடுங்க. அலாரம் வச்சிருந்தா நிறுத்திடுங்க. அவரா எந்திரிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, அங்க நான் பாத்துக்கிறேன், இவள வச்சுக்கிட்டு இன்னும் நாலு நடை நடந்தா எனக்கொண்ணும் கால் தேஞ்சுடாது.

ஆனா அனுப்பும்போது ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அந்த நீல சைக்கிள் கடையிலேர்ந்து வந்த மாதிரியே பளபளன்னு இருக்குண்ணே, எனக்கே இப்பத்தான் ஒறைக்குது. எங்க மாமியார் கண்ணுல பட்டா ரெண்டு பேரு கதையும் முடிஞ்சுது. வாய்க்கால்லேர்ந்து ரெண்டு கை சேறு அள்ளி டயர்ல நல்லா அப்பி அனுப்புங்க. அவரு முதுகுலயும் கொஞ்சம்.