செவலைக் கோழியும் பிள்ளையின் மூளையும்

“நிறுத்தாதீங்க, பிள்ளைக்கு மூளை வளந்துக்கிட்டிருக்கு!”

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், என் எதிர்ப் பலகையில் இருந்த பெண் தன் கணவனை இப்படி அதட்டினாள். அவன் மடியில் பல் முளைக்காத பெண் குழந்தை. இருவரும் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறவர்கள் என்பது விரல்களில் படிந்த பால்கறையிலேயே தெரிந்தது.

“தொண்டை வறண்டு போச்சு. இதுக்கு என்ன புரியப் போவுது?”

“ஆஸ்பத்திரியில டிரெஸ்ஸர் ஐயா என்ன சொன்னாரு? மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே இருந்தாத்தான் மூளை நல்லா வளருமாம். பேசுங்க லா.”

“மலையக் காட்டிட்டேன், எருமையக் காட்டிட்டேன், ஈயம் தோண்டுற லம்பத்தையும் காட்டிட்டேன். இன்னும் என்னத்தச் சொல்றது?”

“எதையாச்சும் சொல்லுங்க. உங்க கதையச் சொல்லுங்க.”

அவன் குழந்தையின் முகத்தருகே குனிந்தான்.

“தங்கம், நம்ம வீட்டுச் செவலைக் கோழி இருந்துச்சுல்ல?”

குழந்தை ‘ங்கா’ என்றது. அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“அதக் காட்டுப்பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன்ல? பூனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பாவும் உன் மாமனும் ஆத்தோரம் அடுப்பு மூட்டி, கொழம்பு வச்சுத் தின்னுட்டோம். அடடா, என்ன ருசி!”

குழந்தை காலை உதைத்துச் சிரித்தது. பெட்டியில் பாதிப் பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவன் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். வாய் தானாக மூடிக்கொண்டது.

“நிறுத்தாதீங்க,” என்றாள் அவள், முந்தானையை இழுத்துச் செருகியபடி. “இப்பத்தான் எனக்கு மூளை வளருது.”