ஊத்துக்குளி நெய்

டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறுவதற்குள் குடியுங்கள்.

இந்தப் பனியன் ஊரில், ராயபுரம் லைன் வீடுகளில் ஆறு குடும்பம். என் குழம்புக் கிண்ணம் போகாத வீடு கிடையாது. என் வீட்டுக்காரர் கிட்டுசாமி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் அவருக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. எட்டு நாளில் இறங்கியது. ஒன்பதாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "சோத்துல என்னத்தைக் கலந்தே?" என்று கேட்டார்.

அன்று முதல் நெய்யில் புழு நெளிகிறது என்றார். சுவருக்குள்ளிருந்து யாரோ அவரிடம் சொன்னார்களாம். தொண்டையில் விரலை விட்டுக் கக்கினார். மென்று துப்பிய சோற்றை வேஸ்ட் பனியன் துணியில் முடிந்து, வீடு வீடாகப் போய் அவிழ்த்துக் காட்டினார். எச்சில் ஊறிப் புளித்த அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. "காய்ச்சல் மூளையைத் தொட்டிருக்கிறது, இது அவர் பேச்சில்லை" என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். நானும் பொறுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ரங்காத்தாள் ஒருநாள் வெறும் கிண்ணத்தை நீட்டினாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா, இனிமே வேண்டாமுங்க. எம்பட புள்ளைக்கு வவுறு செரியில்லீங்க." நான் கொடுத்த குழம்பு அவள் வாசல் சாக்கடையில் மிதந்தது. அப்புறம் ஒரு வீட்டிலும் வாங்கவில்லை.

தை பிறந்ததும் அவருக்குச் சுத்தமாகக் குணமாகிவிட்டது. "ஏனுங்க, அஞ்சு ஊட்டுக்கும் போயி, நாஞ் சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றேன். சிரித்தார். "நானா அப்படிச் சொன்னேன்? அட உடு சாரதா, அவிய எல்லாம் மறந்திருப்பாங்க." அதே வாயால் சோற்றைச் சப்புக்கொட்டி மென்றார். கடைவாயில் பருக்கை வழிந்தது.

நான் செய்ததாக எல்லோரும் நம்பிவிட்ட ஒன்றை, நான்தான் ஐயா இன்னும் செய்யாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊத்துக்குளி வெண்ணெயை முருங்கைக்கீரை போட்டு உருக்கினேன். அதில் எலி மருந்தைக் கலந்தேன். பருப்புச் சோற்றில் இரண்டு கரண்டி ஊற்றினேன். முகர்ந்துகூடப் பார்க்காமல் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அவர் முழுசாகக் குணமாகிவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமானது.

அது அந்த ஒரே நாள்தான் நடந்தது. மற்றபடி கல்யாணமான பதினாறு வருஷத்தில் என் சமையலில் ஒரு முடி கிடந்ததில்லை, கேட்டுப் பாருங்கள். ஏன் ஐயா டீயைத் தள்ளி வைக்கிறீர்கள்? ரங்காத்தாள் ஏதாவது சொன்னாளா?