மீனுக்கு மாட்டிய குளுக்கோஸ் பாட்டில்

ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த காக்கிச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னார்:

"எங்க பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் மீனுக்கு நான் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுனேன்."

"மீனுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"அட, அது காலி பாட்டிலுய்யா. ஆபீசர் பத்து நாள் லீவுல போனாரு. 'வெயிலுக்கு மீன் தொட்டித் தண்ணி வத்துது, கொறையாம பாத்துக்க'ன்னு பியூன், ஜீப் ஓட்டுற என் தலையில கட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமையும் யாரு போறது? பாட்டில்ல தண்ணி ரொப்பி, அதோட வாயி தொட்டித் தண்ணியத் தொடுற மாதிரி ஜன்னல் கம்பியில தலைகீழா கட்டிட்டேன். தண்ணி கொறைஞ்சா பாட்டிலுக்குள்ள காத்து போவும், கொறைஞ்ச அளவுக்குத் தண்ணி எறங்கும், அப்புறம் தானா நின்னுரும்."

"நெசமாவா?"

"லீவு முடிஞ்சு வந்த ஆபீசரு அசந்துட்டாரு. ஆபீசுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவாரு. நேத்து, தெருக்குழாயில ரெண்டு மாசமா தண்ணி வரலன்னு நாலாவது தடவையா மனு குடுக்க ஒரு அம்மா வந்துச்சு. அதுக்கும் காட்டுனாரு. நின்னு பாத்துட்டு, 'இந்த மீனு யாருகிட்டங்க மனு குடுத்துச்சு?'ன்னு கேட்டுருச்சு."

கூட்டாளி சிரிக்கவில்லை. அவர் ஊரிலும் குழாய் அப்படித்தான் போலிருக்கிறது.

"அதுக்கப்புறமாவது ஏதாவது செஞ்சாரா?" என்றார்.

"ஒடனே செஞ்சாரு. தொட்டிய யாரு கண்ணுலயும் படாம உள் ரூமுக்குத் தூக்கிட்டுப் போவச் சொன்னாரு."