கயிறு கட்டியாச்சு

அன்று அறையில் இருந்தவர்கள்: நான். என் தம்பி. எங்கள் மேற்பார்வையாளர், அவரை எல்லோரும் மீசை என்று கூப்பிடுவோம், அவருக்கு மீசை கிடையாது. தொலைபேசியின் மறுமுனையில் முதியோர் இல்லத்து நர்ஸ். வேறு யாரும் இல்லை. ஏ.சி. வழக்கம்போல அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. தம்பிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால் என் ஸ்வெட்டரைக் கழற்றி அவனுக்குக் கொடுத்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எங்கள் வேலை விளங்காவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல் ஓட வைக்கலாம். அவற்றுக்கு உடம்பு கிடையாது. வி.எம். என்போம். வாடிக்கையாளர்கள் அவற்றை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவை ஓடும் கட்டடம் எங்கோ இருக்கிறது. நாங்கள் இங்கே உட்கார்ந்தபடி லைன் வழியாக உள்ளே போய்ப் பார்ப்போம். யாருக்காவது இணைப்பு வரவில்லை என்றால் கேபிளா, முகவரியா, ஃபயர்வாலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவோம். பெரும்பாலும் ஃபயர்வால்தான். யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று தீர்மானிக்கிற காவல்காரன் அது. செத்த சர்வரை எழுப்பிவிடுவேன் என்பதால் எனக்கு அலுவலகத்தில் டாக்டர் என்று பெயர். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு அந்தப் பட்டமே அதிகம் என்று மீசை சொல்வார். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. பல வருடம் இரவு ஷிஃப்டிலேயே கிடந்தவனுக்குக் கோபப்பட ஆள் இருக்காது.

ஃபயர்வாலில் கைவைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. நாம் உள்ளே போகிற வழியும் அந்தக் காவல்காரன் கையில்தான் இருக்கிறது. ஒரு வரியைத் தப்பாகப் போட்டால், ஏறி வந்த ஏணியை நாமே உதைத்துத் தள்ளியதாகிவிடும். அதற்கப்புறம் இங்கே என்ன தட்டினாலும் அங்கே போய்ச் சேராது. அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். மாற்றம் செய்யும் முன், பத்து நிமிடத்துக்குள் நாங்கள் வந்து நிறுத்தாவிட்டால் நீயாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடு என்று அந்த வி.எம்.முக்கு ஒரு கட்டளை போட்டு வைப்போம். கயிறு கட்டுவது என்று சொல்வோம். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டுகிற கயிறு மாதிரி. ஒருவர் கயிறு கட்டுவார், இன்னொருவர் வரிகளைத் தட்டுவார். தட்டுகிறவர் என்டரை அழுத்தும் முன் கயிறு கட்டியாச்சா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகே அழுத்த வேண்டும். அந்தக் கேள்விக்கு அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை. யாருக்கும் அப்படி ஒரு தேவை வரவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரிபார்ப்பதற்கு முன் அவசரப்பட்டுச் சேமித்துவிட்டால் கயிறு இருந்தும் பலன் இல்லை. திரும்பிப் போக வேண்டிய நிலையாகப் புதிய நிலையே பதிந்துவிடும். கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு அது.

இனி தம்பியைப் பற்றி. அப்பா போனபோது அவன் மூன்றாம் வகுப்பு. அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான். சைக்கிள் பழக்கியதும் நான்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். விட்டுடாதண்ணா என்பான். நான் விட்டதில்லை. மற்ற அண்ணன்மார் ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் கையை எடுத்துவிடுவார்கள். நான் எடுக்கவில்லை. இன்றுவரை அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால் என்ன கெட்டுப்போயிற்று? வேலைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அவனுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்திருப்பது எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு முதலில், அக்காவுக்கு அடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு அதற்கடுத்து. புதுப் பெட்டி வாங்கி அக்கா வீட்டில் வைத்திருந்தான். அம்மாதான் பேச்சை எடுத்தார்.

"போயிட்டு வரட்டும்டா. எத்தனை நாளைக்கு உன் நிழல்லயே நிப்பான்?"

நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன். அவன் போகக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. தன்னால் தனியாகச் சமாளிக்க முடியாது என்பது அவனுக்கே தெரிந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். இரண்டும் வேறு வேறு.

முதியோர் இல்லத்தின் வேலை வந்தது. அங்கே ஒவ்வொரு படுக்கையின் பக்கத்திலும் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும், படுக்கை எண் தெரியும். அந்தச் செய்தி போய்வருவது எங்களிடம் உள்ள ஒரு வி.எம். வழியாக. அதன் ஃபயர்வாலில் சில புது வரிகள் சேர்க்க வேண்டியிருந்தது. மணி கொஞ்ச நேரம் ஓயலாம் என்பதால் பகலில், ஆட்கள் நிறைய இருக்கும்போது செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் உதவியாளர்கள் படுக்கை படுக்கையாக நடந்து பார்த்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு.

நான் வரிகளைப் படித்தேன், தம்பி தட்டினான். அனுமதிக்க வேண்டியவர்களை எல்லாம் முதலில் சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அடை என்பதைக் கடைசியில் போட வேண்டும். நான் அந்தக் கடைசி வரியை முதலில் படித்தேன்.

அவன் கையை எடுத்தான். முட்டாள் இல்லை அவன்.

"அண்ணா, இது கடைசியிலதானே வரணும்? முதல்லயே போட்டா நாமளே வெளியில போயிடுவோம்."

"அவங்க இந்த வரிசையிலதான் கேட்டிருக்காங்க. கயிறு இருக்குல்ல, என்ன பயம்?"

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

அழுத்தினான். திரை அப்படியே நின்றது. பத்து நிமிடம் காத்திருந்தோம். அவன் முதல் ஐந்து நிமிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு அடிக்கவில்லை. பத்தும் கடந்தது. இணைப்பு வரவில்லை. வருவதற்கு அங்கே எதுவும் இல்லை. நான் கட்டவே இல்லை.

"சேமிச்சுட்டியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியலண்ணா. இல்லன்னு நினைக்கிறேன்."

"சேமிச்சிருப்ப."

அவ்வளவுதான் சொன்னேன். அவன் தன் விரல்களைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில், ஆமாண்ணா, சேமிச்சிருப்பேன் என்றான். நான் வற்புறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மீசை அறைக் கோடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேலிடத்து மீட்டிங்கில் இருந்தார். ஒரு காதை மட்டும் விலக்கி, "என்ன டாக்டர், நோயாளி எப்படி இருக்கார்?" என்றார். "நல்லா இருக்கார் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

உங்கள் நிபுணர்கள் கேட்டது சரிதான். இணைப்பு அறுந்தாலும் கன்சோல் என்று ஒரு வழி இருக்கிறது. அந்தப் பெரிய கணினியின் பக்கமாகப் போனால் வி.எம்.மின் திரை நேராகக் கிடைக்கும். ஃபயர்வால் குறுக்கே வராது. அதன் கடவுச்சொல் எனக்கும் மீசைக்கும் மட்டும் தெரியும். இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தான். முகவரியைச் சோதித்தான், லைனைச் சோதித்தான், நான் கற்றுக்கொடுத்த ஒவ்வொன்றையும் வரிசை தவறாமல் செய்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நடுநடுவே ஸ்வெட்டரின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். வெகுநேரம் கழித்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் போகலண்ணா. எனக்கு இதெல்லாம் வராது. அங்க போய் இப்படி ஆச்சுன்னா யாரு இருப்பா?"

அதற்காகத்தான் காத்திருந்தேன். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கன்சோலைத் திறந்தேன். வரிகளைச் சரியான வரிசையில் வைத்தேன். இணைப்பு வந்தது. என்ன நடந்தது என்ற அறிக்கையையும் நானே எழுதினேன், அவனுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று.

சன்னலோரப் படுக்கையில் இருந்த பெரியவர் அதற்குள் இறந்திருந்தார். சளி அடைத்துக்கொண்டதாம். யாராவது வந்து நிமிர்த்தி உட்கார வைத்தால் சரியாகிவிடுகிற ஆள் என்று அவர் மகள் சொன்னார். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்ததாம். அவரை எனக்குத் தெரியாது. அவர்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை.

உதவியாளர்கள் ஏன் அவரைப் போய்ப் பார்க்கவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லத்தின்மேல் பழி போடலாமா என்று நானும் யோசித்தேன். அது முறையில்லை. நர்ஸ் எனக்குப் போன் செய்தார். பத்து நிமிடம் முடிந்திருந்தது. மணி வந்துடுச்சா, படுக்கை படுக்கையா நடந்துக்கிட்டிருக்கிற பசங்களைச் சாப்பிட அனுப்பலாமா என்று கேட்டார். வரவில்லை என்று சொன்னால் அவர் அடுத்து மீசையைக் கூப்பிடுவார். மீசை இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். தம்பி அப்போதுதான் தட்ட ஆரம்பித்திருந்தான்.

"வந்தாச்சு சிஸ்டர். தாராளமா அனுப்புங்க" என்றேன், தம்பிக்குக் கேட்காத குரலில்.

அவர் நன்றி சொன்னார்.

விசாரணையில் தம்பி என் பெயரையே எடுக்கவில்லை. வரிசையை மாத்திப் போட்டதும் நான்தான், சேமிச்சதும் நான்தான் என்று சொல்லிவிட்டான். அண்ணன் ஏதோ ஞாபகப் பிசகில் மாற்றிப் படித்துவிட்டான், அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பான். இப்படிப்பட்ட பிள்ளையை ஊர் பேர் தெரியாத இடத்துக்கு எப்படி அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள். அப்போதிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை. நான் ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுகிறான். அம்மா பார்த்துப் பார்த்து அழுததால் அவரை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவன் போனும் என்னிடம்தான் இருக்கிறது. கண்டவர்களும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

நேற்று நீங்கள் அவனைக் கைதுசெய்து அழைத்துப்போக வேண்டியிருக்கும் என்று சொன்னீர்கள். அதனால்தான் நானாக வந்தேன். அங்கே அவன் தனியாக இருப்பான், அவனால் முடியாது. அவன்மேல் குற்றமில்லை, எல்லாம் நான் செய்தது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று: இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் போய்விடுவான். அப்புறம், சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே? அவனுக்குச் சாப்பாடு கொடுக்க வேறு ஆள் இல்லை.

காலையில் நான் கிளம்பும்போது அவன் சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றான். தலைகூட வாரியிருந்தான்.

"நானும் வரேண்ணா. நான்தானே பண்ணேன், நானே சொல்லிடறேன். அந்தப் பெரியவரோட பொண்ணையும் பார்க்கணும்."

"நீ வேண்டாம். நான் பேசிக்கிறேன். உள்ள போய்ப் படு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி அறைக்குள் போனான். நான் கதவைச் சாத்தி, வெளியே பூட்டினேன்.