படத்தில் நின்ற பூண்டு

"பூண்டு கருகுனதுக்கு என் கண்ணுதான் காரணமாம், மதினி."

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் கூக்கால் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். அது எப்போது வரும் என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால், ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றியிருந்த ஒரு பெண்தான் அப்படிச் சொன்னாள். அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய மதினி திரும்பினாள்.

"என்ன செல்வி சொல்ற?"

"களைக்கு மருந்து வாங்குனேன்ல. பாட்டில் மேல பூண்டு பச்சப்பசேல்னு ஒரு முழத்துக்கு நிக்கிற படம். நம்ம பூண்டும் அந்த உசரம் வரட்டும்னு காத்திருந்து அடிச்சேன். மூணே நாள்ல பூண்டுக் காடு பூரா கருகிக் கெடக்கு."

"பாட்டிலோட காயிதம் வச்சிருப்பானே?"

"வச்சிருக்கான், பத்து மடிப்பு மடிச்சு. தமிழ் கடைசி மடிப்புல, எறும்பு ஊர்ந்தாப்புல கெடக்கு. பூண்டு முளைக்கிறதுக்கு முன்னாடியே அடிக்கணும்னு அதுல போட்டிருக்காம்."

"அப்ப எதுக்கு முளைச்ச பூண்டப் படம் போட்டான்?"

"அதத்தான் கம்பெனி ஆபீசர்கிட்டக் கேட்டேன். படம் சும்மா அழகுக்காம். எழுத்தத்தான் பாக்கணுமாம். பாக்காதது என் கண்ணு குத்தமாம்."

"அவரையே படிக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே. காயிதத்தக் கண்ணுகிட்டக் கொண்டுபோனாரு. வெயில்ல காட்டிப் பாத்தாரு. அப்புறம் போன்ல போட்டோ புடிச்சு, வெரலால பெருசாக்கித்தான் படிச்சாரு. படிச்சு முடிச்சுட்டு, 'தெளிவாத்தானம்மா போட்டிருக்கு'ன்னாரு."