உறையூர் வழியாக ஜப்பான்

லூர்துராணி: ஜன்னலைச் சாத்துடி முதல்ல! ஜப்பான்ல இந்நேரம் இருட்டியிருக்கும்.

வைஜயந்தி: சாத்தினா புழுங்கறது. ஃபேனும் போடக் கூடாதுங்கற...

லூர்துராணி: இந்த ஃபேன் போடுற சத்தத்துக்கு ஸ்ரீரங்கம் வரைக்கும் தெரிஞ்சிடும், நீ உறையூர்ல என் வீட்டுல உக்காந்திருக்கேன்னு. உன் வீட்டுக்காரர் எப்ப வேணா கூப்பிடுவாரு.

வைஜயந்தி: எடுக்காமலே இருந்துட்டா?

லூர்துராணி: போலீசுக்குப் போவாரு. டோக்கியோ போலீசுக்கு.

வைஜயந்தி: வாசல்ல பூட்டு இருக்கோல்லியோ?

லூர்துராணி: தொங்குது. தெருவே நான் ஜப்பான்ல இறங்கிட்டேன்னு நெனச்சிட்டிருக்கு. நேத்து கெளம்பறப்போ எத்தனை பேரு கை காட்டினாங்க! திரும்ப பின்வாசல் வழியா நுழைஞ்சேன் பாரு... சொந்த வீட்டுக்குள்ள திருடி மாதிரி.

வைஜயந்தி: எல்லாம் என்னாலதான்.

லூர்துராணி: உன்னால இல்ல. உன் வீட்டுக்காரரால. என்னமோ பேரு சொன்னாரே அதுக்கு...

வைஜயந்தி: பரஸ்தானம்.

லூர்துராணி: ஆங். அந்த எழவுதான்.

வைஜயந்தி: அவரைத் திட்டாதேடி. நேத்து திங்கக்கிழமை, கிழக்கே சூலம். ஜப்பான் கிழக்கேதானே இருக்கு? ஆகாத நாள்ல போயே தீரணும்னா, முன்னாடியே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை இன்னொருத்தர் ஆத்துல கொண்டு வெச்சுடணும். அப்போ அன்னிக்கே கெளம்பிட்டதா அர்த்தம்.

லூர்துராணி: சரிடி. பையில ரெண்டு புடவை வைக்கலாம். சீப்பு, சோப்பு வைக்கலாம். பாஸ்போர்ட்டையா வைப்பாரு மனுஷன்?

வைஜயந்தி: பிரயாணத்துக்கு எது இல்லாம முடியாதோ அதை வெச்சாத்தான் பலிக்கும்னுட்டார்.

லூர்துராணி: பலிச்சிருச்சே! உன் பாஸ்போர்ட் ஞாயித்துக்கிழமையே நல்ல நேரத்துல கெளம்பி இங்க வந்து சேந்துருச்சு. நீதான் அது இல்லாம ஏர்போர்ட்ல போய் நின்ன. திரும்பி வந்து எடுத்துட்டுப் போக நேரமும் இல்ல.

வைஜயந்தி: நீ தூக்கிண்டு வருவேன்னு நெனச்சேன்... உங்காத்துலதானே இருக்கு?

லூர்துராணி: நான் எப்படித் தொடுவேன்? “வேற யார் கையும் படக் கூடாது, வைஜயந்தியே வந்து எடுத்துப்பா”ன்னு என்கிட்ட அத்தனை தடவை சொன்னாரு!

வைஜயந்தி: என்கிட்ட ஒரு தடவை கூட சொல்லலையேடி!

லூர்துராணி: அது எனக்கு எப்படித் தெரியும்? அவங்க வழக்கம், நாம மதிக்கணும்னு மாதா படத்துக்குக் கீழ வச்சு, மெழுகுவத்தி ஏத்தி, தூசி கூட தட்டாம பாத்துக்கிட்டேன். நீ வேற வழியா வந்து எடுத்துக்குவ போலன்னு... சரி விடு. யோசிச்சா எனக்கே தலை சுத்துது.

வைஜயந்தி: நீயாவது நம்மகூட வந்த யமுனா, மஜீதாவோட போயிருக்கலாம்.

லூர்துராணி: உன்னை அங்க அழ விட்டுட்டு நான் போயி எந்த மலையைப் பாக்கறது? மூடு வாயை. டிக்கெட் மாத்தியாச்சு, இன்னிக்கு ராத்திரி ஃப்ளைட். அதுக்குள்ள வரது அண்ணாகிட்ட உண்மையைச் சொல்லிடேன்?

வைஜயந்தி: சொன்னேன்னா தீர்ந்தது. “பெருமாளுக்கே திருவுள்ளம் இல்லை”ன்னு ஆத்துக்குக் கூட்டிண்டு போயிடுவார். பத்ரி போறச்சே பூனை குறுக்கே போச்சுன்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே திரும்பினோம். மைசூர் போறச்சே தும்மல். அவரே தும்மினார், அவரே திரும்பிட்டார்!

லூர்துராணி: மைசூருக்கே அப்படின்னா...

வைஜயந்தி: எத்தனை வருஷமா கிளாஸ்ல மேப்பை மாட்டி, குச்சியை வெச்சு “இதுதான் ஜப்பான்”னு காட்டிண்டிருக்கேன் லூர்து? அந்தக் குச்சி போன எடத்துக்கு நான் ஒரு தடவையாவது போக வேண்டாமா? இந்தத் தடவை திரும்பினேன்னா அப்புறம் கொள்ளிடம் பாலத்தைத் தாண்ட மாட்டேன். எனக்குத் தெரியும்.

லூர்துராணி: அழாத. அழுதா வீடியோல மூக்கு செவப்பா தெரியும்... ஐயோ, அடிக்குது! அண்ணாதான். வீடியோ கால்!

வைஜயந்தி: பின்னாடி மாதா படம் தெரியறதே! அதைக் கொஞ்சம் திருப்பி வை.

லூர்துராணி: மாதாவைத் திருப்பி வைக்கறதா? பாவம்டி. நீ திரும்பி உக்காரு.

வைஜயந்தி: ஹலோ... ஏன்னா... தெரியறேனா?

வரது: குரல் கேக்கறது. மொகத்தைக் காணுமே. ஏன் இவ்வளவு இருட்டு?

வைஜயந்தி: இங்க ராத்திரி ஆயிடுத்துன்னா.

வரது: ராத்திரியானா லைட்டு போடற வழக்கம் அங்க கிடையாதோ?

லூர்துராணி: சிக்கனம்ணா! ஜப்பான்காரங்க ரொம்ப சிக்கனம்.

வரது: லூர்துவா? நீங்களும் அங்கேதான் இருக்கேளா?

லூர்துராணி: பின்ன உறையூர்லயா இருப்பேன்? ஹஹ... ஆ! ஏண்டி கிள்ற?

வரது: என்னாச்சு?

வைஜயந்தி: கொசு.

வரது: டோக்கியோல கொசுவா?

லூர்துராணி: சின்ன கொசுண்ணா. நம்மூரு மாதிரி இல்ல.

வரது: பேஷ். அது சரி, நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டறதே. குளிரும்னு மூணு ஸ்வெட்டர் எடுத்துண்டு போனியே?

வைஜயந்தி: மூணையும் போட்டுண்டேன்... அதான் வேர்க்கறது.

வரது: புடவை மட்டும்தானே தெரியறது?

லூர்துராணி: இப்பதான் கழட்டினா.

வரது: யமுனா, மஜீதாவெல்லாம் எங்கே?

வைஜயந்தி: வெளில சுத்திண்டிருக்கா. ஃபோட்டோ அனுப்பினேனே, பாக்கலையா?

வரது: பாத்தேன். எல்லாத்துலயும் அவா ரெண்டு பேரும் கோட்டு போட்டுண்டு பல்லைக் காட்டிண்டு நிக்கறா. ஒண்ணுலயும் நீ இல்லை.

வைஜயந்தி: நான்தானே எடுக்கறேன்...

வரது: லூர்துவும் இல்லையே?

வைஜயந்தி: அவ... அவ எனக்குக் குடை பிடிக்கறா.

வரது: ஒரு ஃபோட்டோல யமுனா செல்ஃபி எடுக்கற மாதிரி கையை நீட்டிண்டிருக்கா.

லூர்துராணி: அது சும்மா அழகுக்குண்ணா.

வரது: ஓஹோ... இருங்கோ, அது என்ன சத்தம்? “பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக் குடம்”னு கேக்கறதே?

வைஜயந்தி: எங்கே? எனக்கு ஒண்ணும் கேக்கலை.

வரது: ஸ்பீக்கர் வெச்சு கத்தறான். சுத்தத் தமிழ்ல.

லூர்துராணி: இங்க நம்ம ஆளுங்க நெறைய இருக்காங்கண்ணா. எல்லா தொழிலும் பண்றாங்க.

வரது: டோக்கியோ வரைக்கும் போய் பழைய இரும்பு வாங்கறாளா?

லூர்துராணி: ஜப்பான் இரும்புக்கு மதிப்பு ஜாஸ்திண்ணா!

வரது: தெரியாம போச்சே. ஆத்துல ரெண்டு வாணலி கிடக்கு, குடுத்து அனுப்பியிருக்கலாம்.

வைஜயந்தி: அதை விடுங்கோ. நீங்க என்ன சாப்பிட்டேள்?

வரது: நானே தளிகை பண்ணிண்டேன். சாத்தமுதுல உப்பு போட மறந்துட்டேன். ஊறுகாயை வெச்சு சமாளிச்சேன்.

வைஜயந்தி: உப்பு ஜாடி மேல் தட்டுல இருக்குன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்... ராத்திரி தூங்கினேளா?

வரது: தூங்கினேன், தூங்கினேன்.

வைஜயந்தி: ஏர்போர்ட்லேர்ந்து ஆத்துக்கு எப்போ போய்ச் சேர்ந்தேள்?

வரது: அப்பவே. நீ உள்ள போனே, நான் டாக்ஸியில ஏறிட்டேன். அங்க நின்னு என்ன பண்ணப் போறேன்?

வைஜயந்தி: கொஞ்சம் நின்னிருக்கலாம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்...

வரது: நின்னா கால் வலிக்கும்.

லூர்துராணி: சரிண்ணா, வச்சிடவா? இங்க சாப்பாட்டுக்குக் கூப்பிடறாங்க.

வரது: ஒரு நிமிஷம். வைஜயந்தி, இன்னிக்குக் காத்தால கோயிலுக்குப் போயிருந்தேன். தனியா வந்திருக்கேளே, மாமி எங்கேன்னு கேட்டார் ஒருத்தர். ஜப்பான்ல இருக்கான்னேன்.

வைஜயந்தி: அப்படியா...

வரது: பால்காரன்கிட்ட சொன்னேன். அயர்ன் பண்றவன்கிட்ட சொன்னேன். எதிராத்து ரங்காவை மெனக்கெட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன். கேக்காதவாகிட்டயும் சொன்னேன். இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி இப்படி ஒரு சேதி நான் சொன்னதில்லை.

வைஜயந்தி: ஏன்னா...

லூர்துராணி: வேண்டாம்டி.

வைஜயந்தி: ஏன்னா, உங்ககிட்ட ஒண்ணு...

லூர்துராணி: வைஜி, வாயைத் தொறக்காத! இன்னும் கொஞ்ச நேரம்தான். இருட்டினதும் கெளம்பிடலாம். அண்ணா, சிக்னல் சரியில்லண்ணா... ஹலோ? ஹலோ?

வரது: நன்னா கேக்கறது லூர்து.

வைஜயந்தி: என்னால முடியலைடி. இவர் ஊரெல்லாம் சொல்லிண்டு திரியறார், நான் இங்க இருட்டுல உக்காந்துண்டு கொசு, குடைன்னு புளுகிண்டு... ஏன்னா, நான் ஜப்பான்ல இல்லை.

வரது: ம்.

வைஜயந்தி: பாஸ்போர்ட் பரஸ்தானப் பையிலேயே தங்கிப் போயிடுத்து. ஃப்ளைட் போயிடுத்து. யமுனாவும் மஜீதாவும் மட்டும் போனா. நான் லூர்து ஆத்துல, உறையூர்ல...

வரது: தெரியும்.

லூர்துராணி: என்னது?

வைஜயந்தி: தெரியுமா? யார் சொன்னா?

வரது: யாரும் சொல்லலை. நேத்து நான் கெளம்பவே இல்லை. உன் ஃப்ளைட் மேல ஏறறதைப் பார்த்துட்டுப் போலாம்னு ஏர்போர்ட் வாசல்லயே நின்னுண்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பெட்டியைத் தள்ளிண்டு வெளில வந்தேள். நீ முந்தானையால மூக்கைத் தொடைச்சுண்டே வந்தே. பையை எடுத்துக்கச் சொல்லி உன்கிட்ட சொல்ல மறந்தது அப்போதான் எனக்கு உறைச்சுது.

வைஜயந்தி: பாத்தேளா? பாத்துட்டுத்தான் இத்தனை நேரம் லைட்டு, ஸ்வெட்டர், பழைய இரும்புன்னு என்னைப் படுத்தினேளா?

வரது: லூர்து சமாளிச்ச அழகுல நிறுத்த மனசு வரலை.

லூர்துராணி: நல்லா இருக்கு நியாயம்! ஏண்ணா, பாத்தீங்கள்ல? அங்கேயே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஆட்டோ பூரா இவ அழுதுக்கிட்டே வந்தா!

வரது: வரத்தான் ரெண்டடி எடுத்து வெச்சேன். கிட்ட வந்தா என்ன சொல்லுவேன்? சகுனம் சரியில்லைன்னு ஆரம்பிச்சிருப்பேன். இவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம டாக்ஸியில ஏறி உக்காந்திருப்பா. என் வாயை எனக்குத் தெரியாதா, லூர்து? அதான் தூண் பின்னாடியே நின்னுட்டேன்.